பெயர் சொல்வதும் பேச இடம் விடுவதும்: செபுல்டுரா இசைக்குழு விட்டுச்செல்லும் பாடம்

பிரேசில் நாட்டின் செபுல்டுரா இசைக்குழு 1993இல் வெளியிட்ட ‘கயாஸ் ஏ.டி.’ என்னும் இசைத்தொகுப்பில் ‘கையோவாஸ்’ என்றொரு பாடல் உண்டு. அதில் சொற்கள் இல்லை. அக்குழுவின் அடையாளமான மின்கிட்டாரின் இரைச்சலும் இல்லை. அக்கூஸ்டிக் கிட்டார்களும் தாளக் கருவிகளும் மட்டுமே ஒலிக்கின்றன. நிலத்தைப் பறிகொடுத்து, தற்கொலைகளால் தம் இளைஞர்களையும் இழந்த குவாரனி-கையோவா பூர்வகுடி மக்களின் நினைவாக அது அமைக்கப்பட்டது.

இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பரில், ரியோ டி ஜெனிரோவின் ‘ராக் இன் ரியோ’ பெருவிழா மேடையில் கையோவா இளைஞர்களே ஏறினர். ‘ப்ரோ எம்சீஸ்’ என்ற பெயரில் இயங்கும் அவர்கள், தம் தாய்மொழியான குவாரனியில் ராப் பாடினர். முதல் நிகழ்வில் ஒரு மக்களின் பெயர் உலகுக்குச் சொல்லப்பட்டது. இரண்டாவதில் அம்மக்களே பேசினர். இவ்விரண்டும் ஒன்றல்ல. ஒடுக்கப்பட்டோரைப் பற்றி மற்றவர் படைக்கும் கலை எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்ற கேள்விக்கு, நாற்பது ஆண்டுகளை நிறைவு செய்து 2024இல் விடைபெறும் பயணத்தைத் தொடங்கிய செபுல்டுராவின் வரலாறு தெளிவான விடைகளைத் தருகிறது.

சர்வாதிகாரத்தின் இறுதி ஆண்டுகளில்

பிரேசிலில் 1964 முதல் 1985 வரை இராணுவ ஆட்சி நிலவியது. அந்த ஆட்சி முடியும் தறுவாயில், 1984இல், மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத் தலைநகரான பெலோ ஒரிசோண்டேயில் செபுல்டுரா உருவானது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் பொன் தோண்டப்பட்ட மாநிலம் அது. குழுவைத் தொடங்கிய மாக்ஸ் கவலேராவும் ஈகோர் கவலேராவும் அப்போது பதின்பருவத்தில் இருந்த உடன்பிறந்தோர். இத்தாலியத் துணைத் தூதரகத்தில் பணியாற்றிய தந்தை திடீரென இறந்ததும், வசதியாக வாழ்ந்த குடும்பம் நெருக்கடியில் விழுந்தது. வறுமையை அவர்கள் அறிந்தனர் என்பது உண்மை. ஆனால் அவர்கள் கறுப்பின மக்களோ பூர்வகுடிகளோ அல்லர். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டே பின்வருவனவற்றை நோக்க வேண்டும்.

அவர்கள் தேர்ந்தெடுத்த இசைவகை த்ராஷ் மெட்டல். பிரித்தானிய ஹெவி மெட்டலின் கிட்டார் அமைப்பையும் ஹார்ட்கோர் பங்க்கின் வேகத்தையும் சினத்தையும் இணைத்து, 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவான வகை இது. மெட்டாலிகா, ஸ்லேயர் முதலிய குழுக்கள் இதன் முன்னோடிகள். போர், அணு ஆயுதம், அரசின் பொய்கள், அதிகாரத்தின் கொடுமை ஆகியவை இதன் வழக்கமான பாடுபொருள்கள். ‘செபுல்டுரா’ என்றால் போர்த்துகீசிய மொழியில் கல்லறை. மோட்டர்ஹெட் குழுவின் பாடலொன்றை மொழிபெயர்க்கும்போது மாக்ஸ் கண்டெடுத்த சொல் அது.

பெலோ ஒரிசோண்டேயின் இசைத்தட்டுக் கடையொன்றிலிருந்து வளர்ந்த ‘கோகுமேலோ’ நிறுவனம், 1985இல் இவர்களின் முதல் பதிவை வெளியிட்டது. அப்பதிவிலும் 1986இல் வந்த ‘மார்பிட் விஷன்ஸ்’ தொகுப்பிலும் சாத்தானும் நரகமும் நிறைந்திருந்தன. அவை ஐரோப்பியக் குழுக்களிடம் இரவல் பெற்ற அச்சங்கள். தம் தெருவில் நடப்பதைப் பாட இன்னும் அவர்கள் கற்கவில்லை.

1987இல் அந்திரேயாஸ் கிஸ்ஸர் கிட்டார் கலைஞராக இணைந்தார். இவர் பிறந்த சாவோ பெர்னார்டோ டோ காம்போ, இராணுவ ஆட்சியை உலுக்கிய 1970களின் இறுதி உலோகத் தொழிலாளர் வேலைநிறுத்தங்களின் மையம். பின்னாளில் குடியரசுத் தலைவரான லூலா தொழிற்சங்கத் தலைவராக உருவான நகரம். கிஸ்ஸரின் வருகைக்குப்பின் குழுவின் இசை நுட்பம் உயர்ந்தது. ரோட்ரன்னர் என்ற பன்னாட்டு நிறுவனத்தின் வழி 1989இல் ‘பினீத் த ரிமெய்ன்ஸ்’, 1991இல் ‘அரைஸ்’ ஆகிய தொகுப்புகள் வெளிவந்தன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மட்டுமே உருவாக முடியும் என்று கருதப்பட்ட இசையை, பிரேசிலிலிருந்து வந்தவர்கள் அதே தரத்தில் வாசித்துக் காட்டினர். 1991 சனவரியில் ‘ராக் இன் ரியோ’ விழாவில், மரக்கனா விளையாட்டரங்கின் பெருந்திரளின் முன் அவர்கள் இசைத்தனர்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பாடினர். உலகம் கேட்க அது உதவியது. ஆனால் பிரேசிலின் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தோர் பலருக்கு அச்சொற்கள் புரியவில்லை. யாரைப் பற்றிப் பாடுகிறோம் என்பதும் யாரை நோக்கிப் பாடுகிறோம் என்பதும் அங்கேயே பிரிந்துவிட்டன.

111 பேர்

1992 அக்டோபர் 2 அன்று, சாவோ பாவ்லோ நகரின் கரந்திரு சிறையில் ஒன்பதாம் கட்டடத்தில் கைதிகளுக்கிடையே மோதல் வெடித்தது. அதனை அடக்க உள்ளே நுழைந்த இராணுவக் காவல்துறை 111 கைதிகளைக் கொன்றது. காவலர் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. கொல்லப்பட்டோரில் பலர் இன்னும் தண்டனை விதிக்கப்படாமல் விசாரணைக்குக் காத்திருந்தவர்கள். பிரேசில் சிறைகளை நிரப்பியிருப்போர் யார் என்பதை அறிந்தவர்களுக்கு, அவர்களின் தோலின் நிறமும் வாழ்விடமும் எவை என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கக் கண்டத்தில் அடிமைமுறையை இறுதியாக, 1888இல்தான், ஒழித்த நாடு அது. விடுதலை பெற்றோருக்கு நிலமோ இழப்பீடோ வழங்கப்படவில்லை. அவர்களின் வழித்தோன்றல்களே நகரங்களின் விளிம்பிலும் சிறைகளிலும் மிகுந்திருந்தனர்.

அடுத்த ஆண்டே வெளியான ‘கயாஸ் ஏ.டி.’ தொகுப்பின் ‘மேனிஃபெஸ்ட்’ பாடல் இப்படுகொலையைப் பற்றியது. செய்தி அறிக்கையைப் போன்ற நடையில் நிகழ்வைச் சொல்லி, பொறுப்பாளிகளைச் சுட்டியது. பிரேசிலில் பலர் ‘குற்றவாளிகள்தானே செத்தார்கள்’ என்று கடந்துபோன நேரத்தில், உலகெங்கும் விற்பனையான தொகுப்பு ஒன்று அதைப் படுகொலை என்றே பதிவு செய்தது. அதே தொகுப்பின் ‘ரெஃப்யூஸ்/ரெசிஸ்ட்’ அரச வன்முறைக்கு அடிபணிய மறுப்பதையும், ‘டெரிட்டரி’ நிலத்தின் பெயரால் நடக்கும் போரையும் பேசின. ‘டெரிட்டரி’ பாடலின் காணொளி இஸ்ரேலிலும் பாலஸ்தீனத்திலும் படமாக்கப்பட்டது.

ஆனால் நினைவைப் பதிவு செய்வது நீதியைப் பெற்றுத் தருவதாகாது. படுகொலை நாளில் காவல்படைக்குத் தலைமை தாங்கிய கர்னல் உபிரத்தான் கிமராயிஸ், 2001இல் 632 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே 2002இல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார். அவருடைய வேட்பாளர் எண் 14111. இறந்தோரின் எண்ணிக்கை வாக்குக் கேட்கும் அடையாளமாயிற்று. 2006இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2013, 2014ஆம் ஆண்டுகளில் காவலர்கள் 74 பேருக்கு அளிக்கப்பட்ட தண்டனைகளும் 2016இல் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டன. பின்னர் மீண்டும் தொடர்ந்த வழக்கில், பதவி விலகும் தறுவாயில் 2022 டிசம்பரில் குடியரசுத் தலைவர் போல்சனாரோ அவர்களுக்கு மன்னிப்பு வழங்கி ஆணையிட்டார்.

இதனோடு சேர்த்து நோக்க வேண்டிய இன்னொரு படைப்பு உண்டு. சாவோ பாவ்லோவின் விளிம்புப் பகுதிகளைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்களின் ராப் குழுவான ‘ரசியோனாய்ஸ் எம்சீஸ்’ 1997இல் வெளியிட்ட தொகுப்பில், ‘ஒரு கைதியின் நாட்குறிப்பு’ என்று பொருள்படும் தலைப்பில் கரந்திரு படுகொலையைப் பற்றிய பாடல் இடம்பெற்றது. அதை எழுதிய இருவரில் ஒருவர் குழுவின் மானோ பிரவுன். மற்றவர் அதே சிறையில் அடைபட்டிருந்த ஜோசெனிர். செபுல்டுராவின் பாடல் சிறைச்சுவருக்கு வெளியே நின்று நிகழ்வை அறிவித்தது. ரசியோனாய்ஸின் பாடல் சிறையறைக்குள்ளிருந்து, போர்த்துகீசிய மொழியில், அங்கு வாழ்ந்தவர் பேசும் நடையில் எழுந்தது. பின்னாளில் அத்தொகுப்பின் பாடல் வரிகள் காம்பினாஸ் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வுக்குரிய பாடநூல் பட்டியலில் இடம்பெற்றன. இரண்டு பாடல்களும் தேவையானவை. ஆயினும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்ய முடியாது.

சொல்லற்ற பாடலின் சிக்கல்

இப்போது ‘கையோவாஸ்’ பாடலுக்கு வருவோம். தம் நிலம் பறிக்கப்பட்டதை எதிர்த்து ஒரு பூர்வகுடி இனம் கூட்டாகத் தற்கொலை செய்துகொண்டது என்பதே, இப்பாடலின் வழி உலக ரசிகர்களிடம் பரவிய செய்தி. நடந்தது அதுவன்று. ஒரே நாளில் நிகழ்ந்த கூட்டு முடிவாக இல்லாமல், ஆண்டுக்கணக்கில், குடும்பம் குடும்பமாக, பெரும்பாலும் இளம்வயதினரை இழந்த நெடுந்துயரமாக அது இருந்தது.

மாத்தோ குரோசோ டோ சுல் மாநிலத்தில் பரந்து வாழ்ந்த குவாரனி-கையோவா மக்களை, 1915 முதல் 1928 வரை பிரேசில் அரசு எட்டுச் சிறிய ஒதுக்கிடங்களுக்குள் அடைக்கத் தொடங்கியது. அவர்களின் நிலம் கால்நடைப் பண்ணைகளுக்கும், பின்னர் சோயாவுக்கும் கரும்புக்கும் போயிற்று. அவ்வெட்டில் ஒன்றான டோராடோஸ் ஒதுக்கிடத்தின் பரப்பு ஏறத்தாழ 3,500 ஹெக்டேர் மட்டுமே. அங்கு இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழ்கின்றனர். வேட்டையும் வேளாண்மையும் சடங்கும் நிலத்தோடு பிணைந்திருந்த சமூகத்தில் நிலம் போனபின் எஞ்சுவது கூலி வேலை, பசி, இழிவு. தற்கொலைகள் இந்த நிலைமையிலிருந்து விளைந்தவை. அவை அம்மக்களின் இயல்போ மரபோ அல்ல.

அம்மக்கள் வெறுமனே மடிந்துகொண்டும் இருக்கவில்லை. குவாரனித் தலைவர் மார்சல் டி சோசா, 1980இல் மனௌஸ் நகருக்கு வந்த போப் இரண்டாம் ஜான் பாலின் முன்னிலையில் தம் மக்களின் நிலைமையை எடுத்துரைத்தார். கையோவா மக்களின் நிலத்துக்காகப் போராடிய அவர் 1983 நவம்பர் 25 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். ‘கையோவாஸ்’ பாடல் உருவாவதற்குப் பத்தாண்டுகள் முன்பே அம்மக்களுக்குத் தலைவர்களும் கோரிக்கையும் போராட்டமும் இருந்தன என்பதே இதன் பொருள். அப்பாடலோ வேல்ஸ் நாட்டின் செப்ஸ்டோ கோட்டை இடிபாடுகளில் பதிவு செய்யப்பட்டது. அதை அமைத்தவர்களின் துயரம் போலியானதன்று. ஆனால் அதன் வழி உலகம் அறிந்துகொண்டது இறந்துபோகும் மக்களைத்தான். எதிர்த்து நிற்கும் மக்களை அன்று. ஒடுக்கப்பட்டோரைப் பலியானவர்களாக மட்டுமே காட்டும் பரிவு, அவர்களின் அரசியலை மறைத்துவிடுகிறது.

ஷவாந்தே ஊரில் ஓர் ஒலிப்பதிவு

அடுத்த தொகுப்பில் செபுல்டுரா வேறொரு வழியை மேற்கொண்டது. அமேசான் பூர்வகுடிகளைப் பற்றி எக்டர் பபென்கோ இயக்கிய ஆங்கிலத் திரைப்படம் ஒன்றைப் பார்த்தபின், தம் நாட்டுப் பூர்வகுடிகளோடு சேர்ந்து இசைக்க வேண்டும் என்ற எண்ணம் மாக்ஸ் கவலேராவுக்குத் தோன்றியது. தன் நாட்டு மக்களைத் திரையின் வழியே ஒருவர் ‘கண்டுகொள்வது’ அந்நாட்டின் சமூகப் பிளவை உணர்த்துகிறது. பூர்வகுடிப் பண்பாட்டு மையமொன்றின் உதவியோடு குழு அணுகியது ஷவாந்தே மக்களை. 1995 நவம்பரில் மாத்தோ குரோசோ மாநிலத்தின் பிமென்டெல் பார்போசா ஊருக்குச் சென்று, அங்கேயே தங்கி, ஊராரோடு சேர்ந்து ஒரு பாடலைப் பதிவு செய்தது. ‘இட்சாரி’ என்று அதற்குப் பெயர். ஷவாந்தே மொழியில் வேர்கள் என்று பொருள். 1996 பிப்ரவரியில் வெளியான தொகுப்பின் பெயரும் அதுவே: ‘ரூட்ஸ்’. இம்முறை அம்மக்களின் குரல் ஒலித்தது. அவர்களின் பெயரும் தொகுப்பில் இடம்பெற்றது.

ராக் உலகம் இதை ஒரு துணிச்சலான இசைக்குழுவின் சாகசமாகவே பேசி வந்திருக்கிறது. ஷவாந்தே மக்களின் பக்கமிருந்து பார்த்தால் கதை வேறாகத் தெரியும்.

1966இல் பிரேசில் விமானப்படையின் விமானங்களில் ஏற்றி, மராயிவட்செடே பகுதியின் ஷவாந்தே மக்களை அவர்களின் நிலத்திலிருந்து அப்புறப்படுத்தினர். கொண்டுபோய் விடப்பட்ட கிறித்தவ மறைப்பணித் தளத்தில் தட்டம்மை பரவிப் பலர் மாண்டனர். அவர்களின் நிலம் பெரும்பண்ணையாயிற்று. தப்பிப்பிழைத்தோரும் அவர்களின் பிள்ளைகளும் தொடர்ந்து போராடினர். நிலத்தை ஆக்கிரமித்திருந்தோர் வெளியேற்றப்பட்டது 2012இல் தொடங்கிய நடவடிக்கையில்தான். ஏறத்தாழ அரை நூற்றாண்டுப் போராட்டம் அது.

அதே ஷவாந்தே இனத்தைச் சேர்ந்தவர் மாரியோ ஜுரூனா. 1970களில் பிரேசிலியாவின் அரசு அலுவலகங்களுக்குச் செல்லும்போது அவர் கையில் எப்போதும் ஒரு டேப் ரெக்கார்டர் இருக்கும். வெள்ளை அதிகாரிகளும் அமைச்சர்களும் கொடுக்கும் வாக்குறுதிகளைப் பதிவு செய்துகொள்வார். பின்பு மறுத்தால் போட்டுக் காட்டுவார். 1982 தேர்தலில் பிரேசில் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடி உறுப்பினர் அவர். அவருக்குப்பின் இன்னொரு பூர்வகுடி அவ்வவைக்குள் நுழைய 2018 தேர்தல் வரை, ஷோயெனியா வபிஷானாவின் வெற்றி வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே ஒலிப்பதிவுக் கருவியை ஷவாந்தே மக்களுக்குச் செபுல்டுரா அறிமுகம் செய்யவில்லை. அதன் அரசியல் ஆற்றலை அவர்கள் முன்பே அறிந்திருந்தனர். பிமென்டெல் பார்போசா ஊரில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் லாரா கிரகாம் ‘பெர்ஃபார்மிங் டிரீம்ஸ்’ என்ற நூலை 1995இல் வெளியிட்டார். அவ்வூரில் பாடல்கள் கனவில் பெறப்பட்டு ஊராரோடு பகிரப்படும் முறையை அந்நூல் விரிவாகப் பதிவு செய்கிறது. தம் பண்பாட்டை வெளியாருக்குக் காட்டுவதன் வழி, தம் இருப்பைத் தொடரச் செய்ய முடியும் என்று ஊர் மூத்தோர் எண்ணியதையும் அந்த ஆய்வு காட்டுகிறது. வெளியாரின் கவனம் கூட்டாளிகளைத் தரும், கூட்டாளிகள் நிலத்தைக் காக்க உதவுவர் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. செபுல்டுரா அவர்களைத் தேடிச் சென்றது உண்மை. தம் குரலை உலகுக்கு அனுப்ப அக்குழுவை அவர்கள் பயன்படுத்திக்கொண்டனர் என்பதும் அதே அளவு உண்மை.

இத்தொகுப்பின் அட்டையில் உள்ள பூர்வகுடி முகம், பிரேசிலின் 1,000 குருசேரோ பணத்தாளில் இருந்த படத்தைத் தழுவியது. நிலத்தைப் பறித்த அரசே முகத்தைப் பணத்தாளில் அச்சிட்டது. அடையாளத்தைப் போற்றுவதும் உரிமையை மறுப்பதும் ஒருசேர நிகழக்கூடியவை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று தேவையில்லை.

கறுப்பினத் தாளமும் கறுப்பினப் பாடகரும்

‘ரூட்ஸ்’ தொகுப்பின் மற்றொரு வேர் ஆப்பிரிக்க-பிரேசில் மரபு. கப்போய்ரா என்னும் போர்க்கலைக்கு இசைக்கப்படும் ஒற்றைத் தந்திக் கருவியான பெரிம்பாவு அதில் ஒலிக்கிறது. பாஹியா மாநிலத்தின் சால்வடார் நகரைச் சேர்ந்த கறுப்பினத் தாளக்கலைஞர் கார்லின்யோஸ் பிரவுன், தொகுப்பின் உருவாக்கத்தில் பங்கேற்றார். அவரோடு இணைந்து அமைத்த ‘ரட்டமஹட்டா’ பாடல் போர்த்துகீசியச் சொற்களால் ஆனது. தப்பியோடிய அடிமைகள் உருவாக்கிய பல்மாரெஸ் குடியிருப்பின் தலைவரும், 1695 நவம்பர் 20 அன்று கொல்லப்பட்டவருமான ஸும்பியின் பெயர் அதில் இடம்பெறுகிறது. அந்நாள் இன்று பிரேசிலில் கறுப்பின உணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1988இல் கொல்லப்பட்ட ரப்பர் தொழிலாளர் தலைவர் சிக்கோ மென்டிஸின் நினைவாகவும் தொகுப்பில் ஒரு பாடல் உண்டு.

‘ரூட்ஸ்’ குழுவின் புகழை உச்சிக்குக் கொண்டுசென்றது. அதே ஆண்டு டிசம்பரில் குழு உடைந்தது. மாக்ஸின் மனைவி குளோரியா மேலாளராகத் தொடர்வதைப் பற்றிய பிணக்கில் மாக்ஸ் விலகினார். பின்னர் சோல்ஃபிளை என்ற குழுவைத் தொடங்கினார். செபுல்டுராவின் புதிய பாடகராக அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரைச் சேர்ந்த கறுப்பினத்தவர் டெரிக் கிரீன் வந்தார். 1998இல் ‘அகெய்ன்ஸ்ட்’ வெளியானது.

அவர் பாடத் தொடங்கிய நாள்முதல் ‘இது உண்மையான செபுல்டுரா அன்று’ என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நிறுவனரை இழந்த எந்தக் குழுவும் இதைச் சந்திக்கும் என்பது சரியே. ஆனால் ராக் இசையின் அடித்தளமே கறுப்பின மக்களின் புளூஸ் இசைதான். மெட்டல் மேடைகளிலோ கறுப்பினப் பாடகர்கள் அரிதினும் அரிது. வேர்களைப் போற்றிப் பாடிய தொகுப்பைக் கொண்டாடிய ரசிகர் கூட்டத்தில் ஒரு பகுதி, ஒரு கறுப்பினப் பாடகரை இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தற்காலிக ஆள் போலவே நடத்தியது. கிரீன் குழுவில் பணியாற்றிய காலம், மாக்ஸ் பணியாற்றிய காலத்தைவிட இருமடங்கு நீண்டது. 2006இல் ஈகோரும் விலகியபின் குழுவைத் தாங்கியவர்கள் கிஸ்ஸரும், தொடக்க காலந்தொட்டு பேஸ் கிட்டார் வாசிக்கும் பவுலோவும், கிரீனும்தான். 2020இல் வந்த ‘குவாட்ரா’ பல திறனாய்வாளர்களின் பாராட்டைப் பெற்றது. செபுல்டுராவின் மரபு என்று பேசும்போது 1996ஓடு கதையை முடித்துவிடுவது, கிரீனின் உழைப்பைக் கணக்கிலிருந்து நீக்குவதாகும்.

வாரிசுகள் யார்?

2023 டிசம்பரில் விடைபெறும் பயணத்தை அறிவித்த குழு, 2024 மார்ச் 1 அன்று தான் பிறந்த பெலோ ஒரிசோண்டேயிலேயே அதைத் தொடங்கியது. இசை அளவில் அதன் செல்வாக்குப் பரந்தது. தம் மண்ணின் தாளத்தையும் மொழியையும் மெட்டலுக்குள் கொண்டுவரலாம் என்ற துணிவைப் பல நாட்டுக் கலைஞர்களுக்கு அது தந்தது. பிரான்சின் கொஜிரா குழு 2021இல் ‘அமேசோனியா’ என்ற பாடலை வெளியிட்டபோது, அதன் தாளத்தில் ‘ரூட்ஸ்’ தொகுப்பின் சாயல் தெளிவாகத் தெரிந்தது. கொஜிரா அத்தோடு நிற்கவில்லை. இசைக்கருவிகளை ஏலம்விட்டுத் திரட்டிய பணத்தை பிரேசில் பூர்வகுடி மக்களின் கூட்டமைப்புக்கே அளித்தது. பரிவு, அம்மக்களின் அமைப்பு ஒன்றின் கைக்குப் பொருளாகப் போய்ச் சேர்ந்தது.

ப்ரோ எம்சீஸையும் ரசியோனாய்ஸையும் செபுல்டுராவின் வாரிசுகள் என்று சொல்வது தவறாகும். ரசியோனாய்ஸ் 1988இலேயே தோன்றிய குழு. 2009இல் டோராடோஸ் ஒதுக்கிடத்தில் தோன்றிய ப்ரோ எம்சீஸ், குவாரனியையும் போர்த்துகீசியத்தையும் கலந்து, தம் ஊரின் நிலப்பறிப்பையும் தம்மீதான இழிவையும் பாடுகிறது. அவர்களின் வேர் அவர்களின் ஊரில் இருக்கிறது. மெட்டல் இசை அவர்களுக்குக் குரல் கொடுத்ததாக எழுதினால், அதுவும் ஒருவகை நிலப்பறிப்பே.

அவர்கள் பாடும் சூழல் மாறிவிடவில்லை. 1988 அக்டோபர் 5 அன்று, அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில், தம் வசம் இருந்த நிலத்துக்கு மட்டுமே பூர்வகுடிகள் உரிமை கோரலாம் என்று பண்ணை முதலாளிகள் வாதிட்டு வந்தனர். அந்நாளுக்கு முன்பே விமானத்தில் ஏற்றி அகற்றப்பட்டவர்களுக்கும் ஒதுக்கிடத்தில் அடைக்கப்பட்டவர்களுக்கும் இவ்வாதத்தில் இடமே இல்லை. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை நிராகரித்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம், குடியரசுத் தலைவர் லூலாவின் மறுப்பையும் மீறி, அதைச் சட்டமாக்கியது. அதே 2023இல் பூர்வகுடி மக்களுக்கென முதன்முறையாக ஓர் அமைச்சகம் உருவாகி, சோனியா குவஜஜாரா அமைச்சரானார் என்பதும் உண்மை. ஒரே ஆண்டில் நாற்காலி கிடைத்தது. நிலத்துக்கான வழி குறுகியது.

மூன்று அளவுகோல்கள்

செபுல்டுராவின் நாற்பது ஆண்டுகளிலிருந்து, ஒடுக்கப்பட்டோரைப் பற்றிப் பிறர் படைக்கும் கலையை மதிப்பிட மூன்று அளவுகோல்களை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, பெயரும் உண்மையும் சரியாகச் சொல்லப்பட்டனவா என்பது. ‘மேனிஃபெஸ்ட்’ இதில் தேறுகிறது. கொன்றவர் யார், கொல்லப்பட்டவர் யார் என்று அது மழுப்பவில்லை. ‘கையோவாஸ்’ பாதி வழியில் நின்றுவிடுகிறது. பெயரைச் சொல்லிற்று, போராட்டத்தைச் சொல்லவில்லை.

இரண்டாவது, அம்மக்களின் ஒப்புதலும் பங்கும் படைப்பில் இருக்கின்றனவா என்பது. ‘இட்சாரி’யின் சிறப்பு இங்கேதான். ஒலியைத் தொலைவிலிருந்து எடுத்துக்கொள்ளாமல், ஊருக்குச் சென்று, கேட்டு, சேர்ந்து இசைத்து, பெயரைப் பதிவு செய்த படைப்பு அது. ஒடுக்கப்பட்டோரின் தாளங்களை எவர் பெயரும் குறிப்பிடாமல் ஒலித்துணுக்குகளாக வெட்டி ஒட்டும் இசைத்துறையில், இந்த அடிப்படை ஒழுக்கமே அரிதாக இருக்கிறது.

மூன்றாவது, பேசுமிடம் யார் கையில் இருக்கிறது என்பது. இதுவே கடினமானது. எத்தனை நேர்மையான நட்பாயினும், உலகப் பயணமும் வருவாயும் புகழும் இசைக்குழுவின் பக்கமே சேர்ந்தன. நிலமற்றவர் நிலமற்றவராகவே இருந்தனர். இதை ஒரு குழுவின் குற்றமாகச் சுருக்க முடியாது. ஒரு பாடலால் நிலத்தை மீட்க இயலாது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. நிலத்தை மீட்பது அமைப்பாகத் திரண்ட மக்கள். பாடல் அவர்களுக்குக் கூடுதல் செவிகளைச் சேர்க்கும். கூடிய செவிகளை என்ன செய்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்களே.

செபுல்டுராவைக் கேட்கும் மாணவர்கள் அதன் கிட்டாரோடு நின்றுவிட வேண்டியதில்லை. ‘மேனிஃபெஸ்ட்’ பாடலைக் கேட்டபின் ரசியோனாய்ஸையும், ‘கையோவாஸ்’ கேட்டபின் ப்ரோ எம்சீஸையும், ‘இட்சாரி’ கேட்டபின் ஜுரூனாவின் வரலாற்றையும் தேடிச் செல்லலாம். அவ்வாறு தேடிச் செல்லத் தூண்டியது என்றால், அந்த இசைக்குழு தன் வேலையைச் செய்துவிட்டது. மீதி வேலை, தம் குரலைத் தாமே பதிவு செய்துகொள்ளக் கற்றவர்களிடம் இருக்கிறது. அமைச்சர்களின் வாக்குறுதிகளை டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்த ஜுரூனா, அந்த வேலையை எந்த இசைக்குழுவுக்கும் முன்பே தொடங்கியிருந்தார்.